படித்தவன் கையால் ஒரு சொட்டுத் தேன்

அக்காவின் மடியில் பிள்ளை. எதிரே அத்தை. அத்தையின் ஒரு கையில் பழைய இருமல் மருந்துப் பாட்டில், அதில் பாதிக்குத் தேன். இன்னொரு கையில் விரலிலிருந்து கழற்றிய தங்க மோதிரம்.

"கைய நல்லாக் கழுவிட்டு வாய்யா மருமவனே. நீதான் வைக்கணும்."

வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் முன்னறை அது. முன்னறை என்றதும் பின்னால் இன்னொன்று இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவும் பிள்ளையும் ஆட்டோவில் வந்து இறங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. வாசலில் கொட்டிய ஆரத்தித் தண்ணீர் இன்னும் காயவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு வறுத்தார்கள்.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒரு இனிப்பைத் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்பார்கள். யார் கை வைக்கிறதோ அவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்று நம்பிக்கை. அதனால் ஆளைத் தேடித்தான் பிடிப்பார்கள். முன்கோபியைக் கூப்பிட மாட்டார்கள். சோம்பேறியைக் கூப்பிட மாட்டார்கள். என்னைக் கூப்பிட்டது நான் பி.காம். முடித்தவன் என்பதால். எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பிள்ளைக்குத் தாய்மாமன் வேறு.

அத்தை என்று நான் சொல்வது அக்காவின் மாமியாரை. எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவத்துக்கு அவள்தான் ஊரிலிருந்து வந்திருந்தாள். பத்தியச் சாப்பாடு, துணி, வெந்நீர் என்று எல்லாம் அவள் தலையில். ஆஸ்பத்திரியிலேயே சேனை வைக்கப் பார்த்து, நர்ஸிடம் திட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம் என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.

"உன் கையால வச்சா படிப்பு பிள்ள நாக்குல ஒட்டிக்கிடும்," என்றாள்.

பெருமையாக இருந்தது எனக்கு. இல்லை என்று சொன்னால் பொய். போய்க் கையையும் கழுவினேன். வந்து உட்கார்ந்த பிறகுதான், "தேன் வேண்டாம் அத்தை," என்றேன்.

ஜாடியின் முதுகில்

அப்போது பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையருக்கு மெயில் அனுப்புவது, சாம்பிள் அனுப்புவது, லேபிளில் ஓர் எழுத்து பிசகாமல் பார்ப்பது இதெல்லாம் என் வேலை. கம்பெனி தைத்தது முழுக்கப் பச்சைக் குழந்தைகளின் உடுப்பு. அக்காவும் அங்கேதான், உடுப்புக்குப் பட்டன் அடிக்கிற மெஷினில் இருந்தாள்.

வெளிநாட்டுப் பிள்ளையின் உடுப்பு என்றால் சும்மா இல்லை. பட்டனைக் கொக்கியில் மாட்டி, எடை கட்டி இழுத்துப் பார்ப்பார்கள். கழன்றால் பிள்ளை விழுங்கிவிடுமாம். தைத்து முடித்த ஒவ்வொரு உடுப்பும் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் போய் வரும். உடைந்த ஊசிமுனை எதிலாவது ஒட்டியிருந்தால் மெஷின் கத்தும், லைனே நிற்கும். சாயத்தில் இன்னது இருக்கக் கூடாது, நூலில் இன்னது இருக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக விதிகள். படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறையும். ஒரு பிள்ளையின் மேல் இவ்வளவு அக்கறையா என்று.

ஒரு தடவை பையரின் ஆள் வந்தபோது ஆபீசுக்கு என்று ஒரு சின்னத் தேன் ஜாடி கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் மூடியைத் திறந்து விரலை விட்டார்கள். நான் ஜாடியின் முதுகைத் திருப்பிப் படித்தேன். தொழில் பழக்கம். பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள்.

அக்காவுக்கு அப்போது மாதம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

கடைவீதிக்குப் போய், இருந்த தேன் பாட்டிலையெல்லாம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த வரி ஒன்றில்கூட இல்லை. ஒரு பாட்டிலில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. 'குழந்தைகளின் ஆரோக்கியத்துக்கு' என்று எழுதியிருந்தது. எந்த வயதுக் குழந்தை என்று இல்லை. கடைக்காரர், "வாங்கறீங்களா, படிக்கறீங்களா?" என்று கேட்டார்.

அக்காவை செக்கப்புக்குக் கூட்டிப் போன அன்று குழந்தை டாக்டரிடம் நுழைந்துவிட்டேன். அவர் எழுதிக்கொண்டே சொன்னார். தேனில் ஒரு கிருமியின் விதை இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அது முளைக்காது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைக் கக்கும். முதலில் மலம் கட்டும். பிறகு கண்ணிமை தொங்கும். பால் உறிஞ்சத் தெம்பு இருக்காது, அழுகை மெலிந்து போகும், கழுத்து துவளும். மூச்சு விட முடியாமல் போனதும் உண்டு. அபூர்வம்தான். ஆனால் வந்தால் தாங்காது. தேனைக் கொதிக்க வைத்தாலும் அந்த விதை சாகாது.

இதைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினால் என்ன சார் என்று கேட்டேன். அவர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அடுத்த ஆளை வரச் சொன்னார்.

எனக்கு வந்த கோபம் அன்றைக்குத் தொடங்கியது. கடல் தாண்டி இருக்கிற பிள்ளைக்கு ஜாடியின் முதுகில் ஒரு வரி எழுத ஆள் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு உடுப்புத் தைக்கிறவளின் பிள்ளைக்கு எழுத ஒருத்தரும் இல்லை.

வாளியில் மிதந்த கூடு

அத்தை வைத்திருந்தது எந்தத் தேன் என்று சொல்லிவிடுகிறேன். தெருவில் பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார். வாளியில் பாகு நிறத்தில் ஏதோ இருக்கும், மேலே உடைந்த தேன்கூடு ஒன்று மிதக்கும், அதில் செத்த தேனீக்கள் ஒட்டியிருக்கும். கூடு நிஜம். தேனீ நிஜம். கீழே இருப்பது வெல்லமா சர்க்கரையா என்பது அவருக்குத்தான் தெரியும். கூட்டைப் பார்த்த பிறகு தேனை யார் சந்தேகப்படுவார்கள்? மலைத்தேன் என்று சொல்லி அத்தையிடம் விற்றுவிட்டுப் போனார்.

அந்த ஆத்திரத்தில் தேனைப் பற்றிக் கண்டவரிடமெல்லாம் விசாரித்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், வாசிப்பவர்களுக்கு உதவும்.

மலைத்தேன் என்பது பெரிய தேனீ பாறை இடுக்கிலும் உயர்ந்த மரத்திலும் ஒற்றை அடையாகக் கட்டுவது. இந்தப் பனியன் ஊரில் கம்பெனித் தண்ணீர் டாங்கிக்கு அடியிலும் கட்டும். நிறம் கருக்கும், கொஞ்சம் நீர்ப்பாங்காக இருக்கும், சீக்கிரம் புளித்துவிடும். கொம்புத்தேன், செடியின் கிளையைச் சுற்றிச் சின்னத் தேனீ கட்டுவது. ஒரு கூட்டில் கொஞ்சம்தான் கிடைக்கும். ஆகவே யாராவது கேன் கேனாகக் கொம்புத்தேன் விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். மரப்பொந்தில் அடுக்கடுக்காகக் கட்டுகிற தேனீயைத்தான் பெட்டியிலும் வளர்க்கிறார்கள். பெட்டித்தேன் என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. கொசுத்தேன் கொட்டாத பூச்சியுடையது. புளிக்கும். ஸ்பூன் கணக்கில்தான் கிடைக்கும்.

பூவுக்குப் பூ ருசி மாறும். வேப்பம்பூத் தேனில் லேசாகக் கசப்பு நிற்கும். சூரியகாந்தித் தேன் வெளிர் மஞ்சள், வாங்கிய கொஞ்ச நாளிலேயே நெய் மாதிரி உறையும். ரப்பர்த் தோட்டத் தேனும் அப்படித்தான். உறைந்ததைக் கலப்படம் என்று வீசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் வாசம் போய்விடும். ஈரக் கரண்டியை விட்டால் புளிக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் தேன்தானே என்று தாராளம் காட்டக் கூடாது. பெரியவர்களுக்கு, ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு, வறட்டு இருமலுக்குப் படுக்கும்முன் ஒரு ஸ்பூன் இதம்.

சோதனைகள் என்று சொல்கிறார்களே, தீக்குச்சியை முக்கிப் பற்றவைப்பது, தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்பது, எறும்பு வராதது. கெட்டியான சர்க்கரைப் பாகும் இதில் பாதியைப் பாஸ் பண்ணும். பனியன் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் ஒரு வியாதி உண்டு. எதையும் நிறத்தின் ஷேட் வைத்துத்தான் எடை போடுவார்கள். துணியின் நிறம் பார்க்கிற லைட் பெட்டிக்குள் தேன் பாட்டிலை வைத்து, போன வருஷத் தேனும் இந்த வருஷத் தேனும் ஷேட் ஒத்துவரவில்லை, இது ரிஜெக்ட் என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பழனிச்சாமி அண்ணனின் பாட்டில்

அவர் பழனிச்சாமி அண்ணன், எங்கள் கம்பெனியின் ஃப்ளோர் மேனேஜர். ஊருக்கு வெளியே முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிற கவுரவமான மனிதர். பிள்ளையைப் பார்க்க அன்றைக்கு அவரும் வந்துவிட்டார். நான் அத்தையிடம் கிருமி, விதை, குடல் என்று விளக்கிக்கொண்டிருந்த நேரம்.

அத்தை என்னைப் பேசவிட்டுவிட்டுக் கேட்டாள். "உனக்கும்தான தேன் வச்சோம். செத்தா போயிட்டே?"

இதற்குப் பதில் சொல்லிப் பாருங்கள். செத்துப்போனவர்கள் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள். எங்கள் பக்கம் பிறந்த சில நாளில் பால் குடிக்காமல் துவண்டு போன பிள்ளைகள் உண்டு. தோஷம் என்றார்கள், பார்வை பட்டது என்றார்கள். எதனால் என்று யாரும் பார்க்கவில்லை.

பழனிச்சாமி அண்ணன் நடுவில் புகுந்தார். மருந்துப் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்தார். "தம்பி சொல்றது நாயந்தானுங்க அம்மா. இது பாகுங்க. இந்தாங்க, என்ற தோட்டத்துல பொட்டி வெச்சு எடுத்த முருங்கப்பூத் தேனு. சுத்தமானதுங்க. இத வைங்க, ஒண்ணும் ஆவாது."

அத்தையின் முகம் மலர்ந்தது. அக்காவின் வீட்டுக்காரர், அத்தானும் வாசலில் நின்றபடி, "பிறகென்ன, அதான் நல்ல தேன் வந்துட்டுல்லா," என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் வாயைத் திறக்கவில்லை.

எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். பிரச்சினை கலப்படம் என்று நினைக்கிறார்கள். அந்த விதை பூவிலும் மண்ணிலும் தூசியிலும் இருப்பது. எவ்வளவு சுத்தமான தேனிலும் அது இருக்கலாம். மலையில் எடுத்தாலும் பெட்டியில் எடுத்தாலும், கண் முன்னால் அடையைப் பிழிந்தாலும், ஒரு வயதுக்குக் கீழே வேண்டாம் என்றால் வேண்டாம். நான் இதைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் ஏறிவிட்டது. பழனிச்சாமி அண்ணனுக்குத் தன் தோட்டத்தையே நான் பழித்த மாதிரி ஆகிவிட்டது. "படிச்சவங்க சொன்னாச் செரிங்க," என்று எழுந்து போய்விட்டார். பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

அத்தை மோதிரத்தை அந்தத் தேனில் முக்கினாள். "நீ வைக்கலேன்னா நான் வைக்கேன். ரெண்டு எழுத்துப் படிச்சுட்டா பெரியவங்க எல்லாரும் கிறுக்கச்சிகளா?"

அக்கா பேசினாள்

அக்கா அதுவரை பேசவில்லை. எட்டாவதோடு நின்றவள். நான் காலேஜ் போனது அவள் பட்டன் அடித்த காசில். அத்தையின் முகத்துக்கு நேரே அவள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. மோதிரம் பிள்ளையின் உதட்டருகே வந்தபோது அவள் தன் உள்ளங்கையால் பிள்ளையின் வாயை மூடினாள்.

"அத்தை, நான் ஒண்ணு கேக்கேன். எங்க கம்பெனியில தைக்குத எல்லா உடுப்புலயுமா ஊசி இருக்கு?"

அத்தைக்குப் புரியவில்லை.

"இருக்காது. வருசத்துக்கு ஒண்ணுல இருந்தா உண்டு. ஆனாலும் அத்தனையையும் மெஷின்ல விட்டுத்தான் அனுப்புதோம். வெள்ளக்காரப் பிள்ள மேல ஒரு ஊசி குத்திரக் கூடாதுன்னு. என் பிள்ளைக்கு மட்டும் வந்தா பாத்துக்கிடலாமா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"தம்பி, நீயே சேனை வையி. என் பாலத் தொட்டு வையி."

நான் திரும்பிக்கொண்டேன். அவள் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு சொட்டுப் பாலைப் பீய்ச்சிக் கொடுத்தாள். சுண்டுவிரலால் தொட்டு வைத்தேன். பிள்ளை என் விரலைப் பிடித்து இழுத்து உறிஞ்சியது. அவ்வளவு சின்ன வாயில் அவ்வளவு வலு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"பாலு வச்சாச் சேனையா?" என்றாள் அத்தை. மறுநாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். அவள் தப்பான மனுஷி இல்லை. அவளிடம் அந்த வரியை யாரும், என்றைக்கும், அவள் மொழியில் சொன்னதில்லை. அவளுக்கு முதன்முதலில் சொன்னது குரலை உயர்த்திய ஒரு சின்னப் பையன்.

பூட்டிய அறை

அத்தை போனதன் விலை கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிரசவ லீவு முடிந்து அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். எங்கள் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் என்று எழுதிய அறை உண்டு. ரோஸ் நிறச் சுவர், தொட்டில், பொம்மை எல்லாம் உண்டு. பொம்மைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கும். கம்பெனி விதிப்படி நடக்கிறதா என்று பையர் தரப்பில் ஆடிட் வருகிற அன்று திறப்பார்கள், மற்ற நாள் பூட்டியிருக்கும்.

பழனிச்சாமி அண்ணன் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். "ஆயா இல்லீங்க கண்ணு. ஆயா இல்லாம புள்ளைய உள்ள வெச்சா ஆடிட்டுல மாட்டிக்குவோம். கம்பெனிக்குள்ள கொழந்தையப் பாத்தா, வேலைக்கு வெச்சிருக்கோம்னு எழுதிப்போடுவாங்க."

பால் குடிக்கிற பிள்ளையைக் குழந்தைத் தொழிலாளி என்று எழுதிவிடுவார்களாம். அக்கா திரும்பி வந்தாள். வேலையை விட்டாள். அண்ணன் மனசு கேட்காமல், தைத்த உடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டுகிற வேலையை வீட்டுக்கே அனுப்பி வைத்தார். பச்சைக் குழந்தை உடுப்பின் மூட்டைகளுக்கு நடுவே எங்கள் பிள்ளை கிடந்தது. ஒருநாள் மூட்டையோடு ஒரு பாட்டில் தேனும் வந்தது. ஒரு வயசு ஆனதும் குடுங்க என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. தேன் கொடுக்க நீள்கிற கை ஒரு சாவியைக் கொடுக்க நீளவில்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்தேன்.

அக்கா பிசிறு வெட்டிக்கொண்டே சொன்னாள். "தேன் என்ன செஞ்சது? அத வையி. உனக்கு இங்கிலீஷ் தெரியும்லா, கேக்க வேண்டிய எடத்துல கேளு."

அடுத்த ஆடிட்டுக்கு ஓர் ஆடிட்டர் அம்மா வடக்கிலிருந்து வந்தார். தமிழ் தெரியாது. ஒவ்வொரு முறையும் மொழிபெயர்க்க என்னைத்தான் நிறுத்துவார்கள். காப்பக அறையில் நின்று, எங்கே பிள்ளைகள் என்று கேட்டார். பழனிச்சாமி அண்ணன் சிரித்த முகத்தோடு என்னிடம், "இன்னிக்கு எல்லாரும் லீவுன்னு சொல்லீருங்க தம்பி," என்றார்.

நான் இங்கிலீஷில் உள்ளதைச் சொன்னேன். இந்த அறை இன்று காலை திறந்தது, நீங்கள் போனதும் பூட்டுவார்கள், என் அக்காவின் பிள்ளையை உள்ளே விடவில்லை, அவள் இப்போது வீட்டில் உட்கார்ந்து உங்கள் உடுப்புக்குத்தான் பிசிறு வெட்டுகிறாள். அவர் எழுதிக்கொண்டார். அண்ணனுக்கு வார்த்தை புரியவில்லை, என் முகம் புரிந்துவிட்டது. சிரிப்பை மாற்றாமல் அப்படியே நின்றார்.

சில வாரத்தில் ஒரு ஆயா வந்தார். பொம்மைகளின் உறையைப் பிரித்தார்கள். அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அடுத்த முறை ஆடிட்டர் வந்தால் காட்டப் பிள்ளை வேண்டுமே. என்னையும் கூப்பிட்டார்கள். "உங்க படிப்புக்கு இந்த எடம் சின்னதுங்க தம்பி. நல்ல எடமாப் பாத்துக்குங்க," என்றார் அண்ணன். டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார்.

அக்கா திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், பிள்ளையின் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நானும் கேட் வரை போனேன். வாட்ச்மேன் அவளை உள்ளே விட்டார். என்னை நிறுத்தினார், ரொம்பச் சங்கடத்தோடு. அக்கா என் கையிலிருந்து பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வெயில்ல நிக்காத, போ," என்றாள். "நான் பாத்துக்கிடுதேன்."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் உள்ளே நடந்தாள். ரோஸ் நிற அறையின் கதவு திறந்திருப்பது கேட்டிலிருந்தே தெரிந்தது. அவள் அதற்குள் போகும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.